எவ்வளவு ஓடியது, எங்கே சேர்ந்தது: இடப்பெயர்ச்சியும் சராசரித் திசைவேகமும்

புயல் காலத்தில் இந்திய வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் அறிக்கைகளில் ஒரு தகவல் தவறாமல் இடம்பெறும். புயலின் மையம் கடந்த ஆறு மணி நேரத்தில் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகத்தில் இந்தத் திசையில் நகர்ந்தது என்பதே அது. அதே அறிக்கையில் சற்றுத் தள்ளி, காற்று மணிக்கு 70 முதல் 80 கி.மீ. வேகத்தில் வீசும், இடையிடையே 90 கி.மீ. வரை எட்டும் என்றும் இருக்கும். முதல் எண் பெரும்பாலும் 10, 12 என்று சிறியதாக இருக்கும். இரண்டாவது எண் நம்மை அச்சுறுத்தும். இரண்டும் ஒரே புயலைப் பற்றியவை, இரண்டுக்கும் அலகு ஒன்றே. ஆனால் அவை விடை சொல்லும் கேள்விகள் வேறு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் பல மணி நேரம் அதன் மையம் ஏறத்தாழ அதே இடத்தில் நின்றது. காற்று சுழன்றுகொண்டுதான் இருந்தது, மேகங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. மையம் மட்டும் பெயரவில்லை. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அங்கே பேரிடரை உண்டாக்கியதில் காற்றின் வேகத்தைவிட மையத்தின் நகர்வு சுழியத்தை நெருங்கியதற்கே பெரும் பங்கு. மழை ஓர் ஊரின் மேலேயே நிற்குமா, கடந்து போகுமா என்பதைச் சொல்வது அந்தச் சிறிய எண்தான். இயற்பியல் அந்தச் சிறிய எண்ணுக்குத் தந்திருக்கும் பெயர் சராசரித் திசைவேகம்.

பள்ளி இயற்பியலில் இந்தக் கருத்து மிக விரைவில் வந்து மிக விரைவில் கடந்துபோகிறது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பின் ‘இயக்கம்’ பாடத்தில் அறிமுகமாகி, பதினொன்றாம் வகுப்பின் ‘இயக்கவியல்’ அலகில் விரிவடைகிறது. மாணவர்கள் வரையறையை மனப்பாடம் செய்கிறார்கள், கணக்கும் போடுகிறார்கள். ஆனால் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தவரின் சராசரித் திசைவேகம் சுழியம் என்ற விடை வரும்போது பலருக்கும் அது பொருளற்றதாகத் தோன்றுகிறது. அந்த விடைக்குப் பொருள் உண்டு. அதுதான் சரியான விடையாக இருக்கும் துறைகளும் உண்டு. இதை நிறுவுவதற்காக இந்தக் கருத்தின் அடிப்படை, அது வந்த வழி, மாணவர்கள் தடுமாறும் இடங்கள், நவீன அறிவியலில் அதன் பயன் ஆகியவற்றை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

நான்கு அளவுகள், இரண்டு கேள்விகள்

ஒரு பொருள் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் செல்கிறது. அதைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கலாம். வழி நெடுக எவ்வளவு தொலைவு கடந்தது? தொடங்கிய இடத்திலிருந்து பார்க்க, இப்போது எங்கே இருக்கிறது?

முதல் கேள்விக்கு விடை தொலைவு. பாதையின் ஒவ்வொரு வளைவும், ஒவ்வொரு திருப்பமும், பின்னோக்கி வந்த பகுதியும் இதில் கூட்டப்படும். தொலைவு ஒருபோதும் குறையாது. பொருள் நகர நகரக் கூடிக்கொண்டே போகும். இரண்டாம் கேள்விக்கு விடை இடப்பெயர்ச்சி. தொடக்கப் புள்ளியிலிருந்து இறுதிப் புள்ளிக்கு வரையப்படும் நேர்க்கோட்டின் நீளமும் அதன் திசையும் சேர்ந்ததே இடப்பெயர்ச்சி. இடையில் என்ன நடந்தது என்பது இதில் பதிவாகாது. இது கூடலாம், குறையலாம், சுழியமாகலாம்; ஒரே கோட்டில் நிகழும் இயக்கத்தில் எதிர்க்குறியும் பெறலாம்.

இவ்விரண்டையும் எடுத்துக்கொண்ட மொத்த நேரத்தால் வகுத்தால் அடுத்த இரண்டு அளவுகள் கிடைக்கும். தொலைவை வகுத்தால் சராசரி வேகம், இடப்பெயர்ச்சியை வகுத்தால் சராசரித் திசைவேகம். (இலங்கைப் பாடநூல்களில் இவை முறையே கதி, வேகம் எனப்படும்.) தொலைவும் வேகமும் எண்மதிப்பு மட்டும் கொண்ட ஸ்கேலார் அளவுகள். இடப்பெயர்ச்சியும் திசைவேகமும் திசையும் கொண்ட வெக்டார் அளவுகள்.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. இரு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி நேர்க்கோடுதான் என்பதால், இடப்பெயர்ச்சியின் எண்மதிப்பு தொலைவைவிட அதிகமாக இருக்க முடியாது. ஆகவே சராசரித் திசைவேகத்தின் எண்மதிப்பும் சராசரி வேகத்தை விஞ்சாது. பொருள் நேர்க்கோட்டில், திரும்பாமல், ஒரே திசையில் சென்றால் மட்டுமே இரண்டும் சமமாகும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆதிப்புள்ளியை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு பொருளின் நிலை மாறும், இடப்பெயர்ச்சி மாறாது. சென்னையிலிருந்து அளந்தாலும் டெல்லியிலிருந்து அளந்தாலும் ஒரு ரயிலின் இரண்டு நிலைகளுக்கு இடையிலான வேறுபாடு ஒன்றுதான். ஆனால் அளப்பவரே நகர்ந்தால் கதை மாறிவிடும். ஓடும் ரயிலில் இருக்கையை விட்டு எழாதவருக்குப் பெட்டியைப் பொறுத்து இடப்பெயர்ச்சி சுழியம், தண்டவாளத்தைப் பொறுத்துப் பல கிலோமீட்டர். எதைப் பொறுத்து என்று சொல்லாமல் இடப்பெயர்ச்சியைச் சொல்ல முடியாது.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு

நீலகிரி மலை ரயிலை எடுத்துக்கொள்வோம். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் திறக்கப்பட்ட இந்தப் பாதை, 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. நீளம் ஏறத்தாழ 46 கி.மீ. கடல்மட்டத்திலிருந்து 330 மீட்டரளவில் இருக்கும் மேட்டுப்பாளையத்தில் கிளம்பி 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையை அடைகிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே சரிவு மிகக் கடுமை. 12 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற வேண்டிய இடங்கள் உண்டு. அங்கே தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்பட்டையை என்ஜினின் பற்சக்கரம் கவ்விப் பிடித்து ஏறுகிறது.

வரைபடத்தில் இரண்டு நிலையங்களையும் நேர்க்கோட்டால் இணைத்தால் உதகை மேட்டுப்பாளையத்துக்கு மேற்கே ஏறத்தாழ 26 கி.மீ., வடக்கே ஏறத்தாழ 12 கி.மீ. தள்ளி இருக்கிறது. பித்தாகரஸ் தேற்றப்படி நேர்த்தொலைவு ஏறத்தாழ 29 கி.மீ.; திசை, மேற்கிலிருந்து 24 பாகை அளவுக்கு வடக்காகச் சாய்ந்தது. மேல்நோக்கிய 1.9 கி.மீ. உயரத்தையும் சேர்த்தால்கூட இந்த நீளம் நூறு மீட்டர் அளவுக்கும் கூடாது. ஆக, 46 கி.மீ. ஓடிய ரயிலின் இடப்பெயர்ச்சி 29 கி.மீ. மலையின் மடிப்புகளைச் சுற்றி வளைந்ததில் மீதிப் பதினேழு கிலோமீட்டரும் கழிந்திருக்கிறது.

ஏறுவதற்கு ஏறத்தாழ 5 மணி நேரம், இறங்குவதற்கு ஏறத்தாழ 3½ மணி நேரம். ஏறும்போது சராசரி வேகம் மணிக்கு 9.2 கி.மீ.; சராசரித் திசைவேகம் மேற்கு வடமேற்காக மணிக்கு 5.8 கி.மீ. இறங்கும்போது சராசரி வேகம் மணிக்கு 13.1 கி.மீ.; சராசரித் திசைவேகம் நேர் எதிர்த்திசையில் மணிக்கு 8.3 கி.மீ. நிலையங்களில் நின்ற நேரமும் இதில் அடக்கம். ஓடிய நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சராசரி காணக்கூடாது. நின்ற நேரமும் பயணத்தின் நேரம்தான்.

இப்போது போய்வந்த பயணம் முழுவதையும் பார்ப்போம். 92 கி.மீ., 8½ மணி நேரம்: சராசரி வேகம் மணிக்கு 10.8 கி.மீ. இந்த விடை 9.2, 13.1 ஆகிய இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் 11.2 அல்ல. மெதுவாகச் சென்ற பகுதியில் அதிக நேரம் செலவானதால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. சராசரித் திசைவேகமோ சுழியம். ரயில் நிலக்கரியோ எண்ணெயோ எரித்ததும், பயணிகள் களைத்ததும் பொய்யாகிவிடவில்லை. அவற்றுக்குக் கணக்கு வைத்திருப்பது தொலைவு. ரயில் இப்போது மேட்டுப்பாளையத்தில் இருக்கிறது என்பதற்குக் கணக்கு வைத்திருப்பது இடப்பெயர்ச்சி.

இடப்பெயர்ச்சியைக் கூறுகளாகப் பிரிக்க முடியும் என்பது அதன் பெரிய வசதி. மேற்கு, வடக்கு, மேல் என்ற மூன்று திசைகளில் மேல்நோக்கிய கூறு மிகச் சிறியது; ஐந்து மணி நேரத்துக்குச் சராசரியாக மணிக்கு 370 மீட்டர் சொச்சம்தான். ஆனால் என்ஜினின் சுமையைத் தீர்மானிப்பதில் இந்தச் சிறிய கூறுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. பற்சக்கரம் தேவைப்பட்டதும் இதற்காகத்தான். தொலைவு என்ற ஒற்றை எண்ணிலிருந்து இந்தத் தகவலைப் பிரித்தெடுக்க வழியே இல்லை.

கருத்து வந்த வழி

இன்று ஒரே வரியில் எழுதும் வரையறையை மனிதகுலம் அவ்வளவு எளிதில் எட்டவில்லை. பண்டைய கிரேக்கக் கணிதத்தில் விகிதம் என்பது ஒரே வகை அளவுகளுக்கு இடையில் மட்டுமே இருக்க முடியும். நீளத்தை நீளத்தோடும் காலத்தைக் காலத்தோடும் ஒப்பிடலாம். நீளத்தைக் காலத்தால் வகுக்கலாம் என்ற எண்ணமே அவர்களிடம் இல்லை. ஒரே நேரத்தில் அதிகத் தொலைவு கடப்பது விரைவானது, ஒரே தொலைவைக் குறைந்த நேரத்தில் கடப்பது விரைவானது என்று ஒப்பிட்டுத்தான் அவர்கள் பேசினர். 1638-இல் வெளிவந்த கலிலியோவின் நூல்கூடச் சீரான இயக்கத்தை இந்த விகித மொழியிலேயே விளக்குகிறது.

இந்திய வானியலில் சராசரி இயக்கம் என்ற கருத்து வேறொரு தேவையிலிருந்து வளர்ந்தது. கோள்களின் நிலையைக் கணிக்கச் சித்தாந்த நூல்கள் முதலில் மத்தியம கதியைக் கொண்டு ஒரு நிலையைக் கண்டு, பிறகு திருத்தங்கள் செய்து உண்மை நிலையான ஸ்புடத்தை அடைகின்றன. மத்தியம கதி என்பது நீண்ட காலத்தில் கோள் கடந்த மொத்தக் கோணத்தை மொத்த நாட்களால் வகுத்த அளவு. கோண அளவில் சொன்னால் சராசரித் திசைவேகமேதான். 1150-இல் சித்தாந்த சிரோமணியை எழுதிய இரண்டாம் பாஸ்கரர், குறிப்பிட்ட கணத்துக்கான இயக்கத்தைத் தாத்காலிக கதி என்று தனியாகப் பேசுகிறார்.

நம் பஞ்சாங்கங்களில் இது இன்றும் உயிரோடு இருக்கிறது. சனி ஒரு முழுச் சுற்று வர ஏறத்தாழ 29½ ஆண்டுகள். ஆகவே சராசரியாக ஆண்டுக்கு 12 பாகை சொச்சம், ஒரு ராசிக்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள். ஆனால் பூமியிலிருந்து பார்க்கும்போது சனி ஆண்டுதோறும் ஏறத்தாழ நாலரை மாதம் வக்ர கதியில் பின்னோக்கிச் செல்வதாகத் தெரியும். திருக்கணிதப்படி, 2022 ஏப்ரல் இறுதியில் கும்பத்துக்குள் நுழைந்த சனி ஜூலையில் மகரத்துக்குத் திரும்பி, 2023 ஜனவரியில் மீண்டும் கும்பத்துக்கு வந்தது. அந்த ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடைப்பட்ட இரண்டரை மாதத்தில் சனி முன்னும் சென்றது, பின்னும் சென்றது. தொடக்க நிலையும் இறுதி நிலையும் ராசியின் எல்லைக்கோடே என்பதால் தோற்ற அளவிலான கோண இடப்பெயர்ச்சி சுழியம். வக்ர காலத்தில் மட்டும் கணக்கிட்டால் அது எதிர்க்குறி பெறும். சூரியனிலிருந்து பார்த்தால் இந்தப் பின்னோக்கிய நகர்வே இல்லை. எதைப் பொறுத்து என்ற கேள்வி இங்கேயும் வந்து நிற்கிறது.

ஐரோப்பாவில் 14ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர்கள் ஒரு முக்கியமான முடிவை எட்டினர். 1335-இல் வில்லியம் ஹெய்ட்ஸ்பரி எழுதிய நூலில் அது இருக்கிறது. சீராக வேகம் கூடும் பொருள் கடக்கும் தொலைவும், தொடக்க வேகத்துக்கும் இறுதி வேகத்துக்கும் நடுவிலுள்ள வேகத்தில் மாறாமல் செல்லும் பொருள் அதே நேரத்தில் கடக்கும் தொலைவும் சமம் என்பதே அது. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாரிஸில் நிக்கோல் ஒரெம் காலத்தைக் கிடைக்கோடாகவும் வேகத்தைச் செங்குத்துக் கோடாகவும் வரைந்து, உருவத்தின் பரப்பைக் கொண்டு இதை நிறுவினார். திசைவேக–காலம் வரைபடத்தின் பரப்பு இடப்பெயர்ச்சியைத் தரும் என்று இன்று படிப்பதன் வேர் அங்கே இருக்கிறது. கலிலியோ இதே முடிவைக் கீழே விழும் பொருள்களுக்குப் பயன்படுத்தினார்.

கணநேர வேகத்தை வகைநுண்கணித மொழியில் பொது விதியாக அமைத்தவர் பியர் வரினியோன். 1698-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் அதை முன்வைத்தார். திசையுடன் கூடிய அளவுகளைத் தனி இயற்கணிதமாகக் கையாளும் முறை அதற்கும் பின்னால் வந்தது. 1843-இல் ஹாமில்டன் கண்ட குவாட்டர்னியன்களிலிருந்து, 1880-களில் கிப்ஸும் ஹெவிசைடும் இன்று நாம் பயன்படுத்தும் வெக்டார் முறையை உருவாக்கினர். நியூட்டனின் 1687ஆம் ஆண்டு நூலில் இணைகர விதி இருந்தாலும், இன்றைய பாடநூல் வடிவத்துக்கு வயது நூற்று ஐம்பது ஆண்டுகளுக்கும் குறைவு. அறிஞர்களுக்கே இத்தனை நூற்றாண்டுகள் பிடித்த ஒன்றைப் பதினான்கு வயதுப் பிள்ளை ஒரே பாடவேளையில் உள்வாங்கிவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சராசரி எடுப்பதில் நிகழும் பிழைகள்

2009-இல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடியில் கடந்தார். நேர்ப்பாதை என்பதால் அவரது இடப்பெயர்ச்சியும் தொலைவும் ஒன்று. சராசரித் திசைவேகம் நொடிக்கு 10.44 மீட்டர். அந்த ஓட்டத்தை இருபது இருபது மீட்டராகப் பிரித்து அளந்திருக்கிறார்கள். 20, 40, 60, 80, 100 மீட்டர்களை அவர் தொட்ட நேரங்கள் முறையே 2.89, 4.64, 6.31, 7.92, 9.58 நொடிகள்.

ஒவ்வொரு துண்டுக்கும் சராசரித் திசைவேகம் கண்டால் நொடிக்கு 6.92, 11.43, 11.98, 12.42, 12.05 மீட்டர் என வருகிறது. முதல் துண்டில் நின்ற நிலையிலிருந்து கிளம்புகிறார். நான்காவது துண்டில் உச்சம். கடைசியில் சற்றுத் தளர்வு. முழு ஓட்டத்தின் சராசரியான 10.44 இந்தக் கதையை மறைத்துவிடுகிறது. அதைவிட முக்கியமாக, இந்த ஐந்து எண்களையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 10.96 வருகிறது, உண்மையான விடை அது இல்லை. துண்டுகளின் நீளம் சமம், நேரம் சமமில்லை. மெதுவான முதல் துண்டு 2.89 நொடியை எடுத்துக்கொண்டது, விரைவான நான்காவது துண்டு 1.61 நொடியை மட்டுமே. திசைவேகத்தின் சராசரி என்பது எப்போதும் நேரத்தால் எடையிடப்பட்ட சராசரி. நேர இடைவெளிகள் சமமாக இருந்தால் மட்டுமே நேரடியாகக் கூட்டி வகுக்கலாம்.

அடுத்த பிழை, தொடக்கத் திசைவேகத்தையும் இறுதித் திசைவேகத்தையும் கூட்டி இரண்டால் வகுக்கும் சூத்திரத்தை எல்லா இடத்திலும் பயன்படுத்துவது. இது மெர்ட்டன் அறிஞர்களின் விதி. முடுக்கம் மாறாமல் இருக்கும்போது மட்டும் செல்லும். போல்ட் சுழியத்தில் தொடங்கி நொடிக்கு 12 மீட்டர் அளவில் முடித்தார்; இந்தச் சூத்திரப்படி சராசரி 6 என்று வரும், உண்மையோ 10.44. அவரது முடுக்கம் சீரானதில்லை என்பதே காரணம்.

சூத்திரம் செல்லும் இடத்திலும் குறியை விட்டுவிட்டால் தவறிவிடும். ஒரு பந்தை நொடிக்கு 20 மீட்டர் திசைவேகத்தில் நேர் மேலே எறிகிறோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என எளிமையாக்கிக்கொள்வோம். 20 மீட்டர் உயர்ந்து, நான்கு நொடியில் கைக்கே திரும்புகிறது. திரும்பும்போது அதன் திசைவேகம் கீழ்நோக்கி 20, அதாவது −20. இரண்டையும் கூட்டினால் சுழியம். சராசரித் திசைவேகம் சுழியம் என்பது சரி. குறியைக் கவனிக்காதவருக்கு 20 என்று வரும். அது சராசரித் திசைவேகமும் இல்லை, சராசரி வேகமும் இல்லை; 40 மீட்டரை 4 நொடியால் வகுத்துக் கிடைக்கும் சராசரி வேகம் 10. இதையே வரைபடத்தில் பார்த்தால் காலக்கோட்டுக்கு மேலே ஒரு முக்கோணம், கீழே அதே அளவு இன்னொரு முக்கோணம். கீழே உள்ளதைக் கழித்தால் இடப்பெயர்ச்சி, இரண்டையும் கூட்டினால் தொலைவு.

நேர இடைவெளியைச் சுருக்கினால்

பூமி சூரியனைச் சுற்றுகிறது. பாதையை வட்டமென்று கொண்டால் அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 29.8 கி.மீ. ஓராண்டில் அது கிளம்பிய இடத்துக்கே வந்துவிடுகிறது. சூரியனைப் பொறுத்து ஓராண்டுச் சராசரித் திசைவேகம் சுழியம். ஆறு மாதத்தில் விட்டத்தின் மறுமுனையில் இருக்கும். இடப்பெயர்ச்சி ஏறத்தாழ 30 கோடி கி.மீ., சராசரித் திசைவேகத்தின் எண்மதிப்பு நொடிக்கு ஏறத்தாழ 19 கி.மீ. மூன்று மாதத்துக்குக் கணக்கிட்டால் 26.8 கி.மீ. ஒரு மாதத்துக்கு 29.5 கி.மீ. ஒரு நாளுக்கு வந்தால் 29.8 கி.மீ.யிலிருந்து வேறுபாடே தெரியாது.

நேர இடைவெளி சுருங்கச் சுருங்க வளைந்த பாதைக்கும் அதன் இரு முனைகளை இணைக்கும் நேர்க்கோட்டுக்கும் உள்ள வேறுபாடு மறைகிறது. எல்லையில் கிடைப்பதே உடனடித் திசைவேகம். அதன் எண்மதிப்பும் உடனடி வேகமும் எப்போதும் சமம். சராசரிகளுக்குச் சமமாக இல்லாதது கணநேர அளவில் எப்படிச் சமமாகிறது என்ற மாணவரின் வழக்கமான ஐயத்துக்கு விடை இதுதான். தொலைவு என்பதும், பாதையை மிக நுண்ணிய துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் இடப்பெயர்ச்சி அளவையும் கூட்டிய தொகையே. கைபேசியில் நடைத்தூரம் காட்டும் செயலிகள் இருப்பிடத்தைச் சில நொடிகளுக்கு ஒருமுறை குறித்துக்கொண்டு இவ்வாறே கூட்டுகின்றன. குறிப்புகளுக்கு இடையே அதிக நேரம் விட்டால் வளைவுகள் வெட்டுப்பட்டுத் தூரம் குறைவாகத் தெரியும்.

தடுமாற்றம் எங்கே தொடங்குகிறது

குழந்தைகள் வேகத்தை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்ற கேள்வியை 1928-இல் தாவோஸில் ழான் பியாஜேயிடம் எழுப்பியவர் ஐன்ஸ்டைன். அதைத் தொடர்ந்த ஆய்வுகளை பியாஜே 1946-இல் நூலாக்கினார். அவரது சோதனை ஒன்றில் நீளம் வேறுபட்ட இரண்டு சுரங்கங்களுக்குள் இரண்டு பொம்மைகள் ஒரே நேரத்தில் நுழைந்து ஒரே நேரத்தில் வெளிவரும். ஒரு சுரங்கம் மற்றதைவிட நீளமானது என்று கண்ணால் பார்த்த பிறகும், சிறு குழந்தைகள் இரண்டும் ஒரே வேகத்தில் சென்றன என்றே சொன்னார்கள். அவர்கள் பார்ப்பது யார் முன்னே வந்து சேர்ந்தார் என்பதை மட்டுமே.

இது வயதானால் தானாகவே விலகிவிடுவதில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ட்ரோபிரிட்ஜும் மெக்டெர்மட்டும் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் முன் இரண்டு பந்துகள் தனித்தனிப் பாதையில் உருண்டன. எப்போது இரண்டின் வேகமும் சமம் என்று கேட்டபோது, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்த கணங்களைப் பலர் சுட்டினர். உண்மையில் அந்தக் கணங்களில் ஒன்று மற்றதை முந்திக்கொண்டிருந்தது. நிலை வேறு, நிலை மாறும் வீதம் வேறு என்ற பிரிவு அவர்கள் மனத்தில் உறுதிப்படவில்லை. பின்வந்த ஆய்வுகள் வரைபடங்களிலும் இதையே கண்டன: கோட்டின் சாய்வைப் பார்க்க வேண்டிய இடத்தில் மாணவர்கள் அதன் உயரத்தைப் பார்க்கிறார்கள்.

சராசரித் திசைவேகத்தைப் புரிந்துகொள்ள முதலில் நிலை, அடுத்து நிலையில் ஏற்படும் மாற்றம், அதன் பிறகு மாற்றத்தின் வீதம் என்ற மூன்று படிகள் ஏற வேண்டும். முதல் படி உறுதியாக இல்லாதவருக்கு மூன்றாம் படியில் சூத்திரத்தைக் கொடுத்தால் அவர் எண்களை இடுவார், விடையும் வரும்; புரிதல் வராது.

சுழியமும் சிறு எண்ணும் சொல்லும் செய்தி

சராசரித் திசைவேகம் இன்றியமையாததாகும் இடங்களுக்கு வருவோம். ஒரு செம்புக் கம்பிக்குள் கடத்தும் எலெக்ட்ரான்கள் நொடிக்கு ஏறத்தாழ 1,600 கி.மீ. வரையிலான வேகத்தில் எல்லாத் திசையிலும் பாய்கின்றன. கம்பியில் மின்னோட்டம் இல்லாதபோது அவற்றின் சராசரித் திசைவேகம் சுழியம். எத்தனை வேகம் இருந்தும் மின்னூட்டம் எங்கும் போய்ச் சேர்வதில்லை. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள கம்பியில் ஓர் ஆம்பியர் மின்னோட்டம் பாயும்போது, அந்தத் தாறுமாறான பாய்ச்சலின் மேல் நொடிக்கு 0.07 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு திசையில் நகர்வு ஏற்படுகிறது. ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ நான்கு மணி நேரம். மின்னோட்டம் என்பதே இந்தச் சிறு எண்தான். பன்னிரண்டாம் வகுப்பில் இழுப்புத் திசைவேகம் என்று படிப்பது இதையே. வீட்டு மின்சாரம் மாறுதிசை மின்னோட்டம் என்பதால் நொடிக்கு 50 முறை அந்த நகர்வு முன்னும் பின்னுமாகப் புரண்டு, ஒரு முழுச் சுற்றில் மீண்டும் சுழியமாகிறது. அப்படியிருந்தும் விளக்கு எரிகிறது. சராசரித் திசைவேகம் சுழியம் என்றால் எதுவும் நடக்கவில்லை என்று பொருள் கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது சான்று பிரௌனியன் இயக்கம். 1827-இல் ராபர்ட் பிரௌன் நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் துள்ளுவதைக் கண்டார். பின்வந்தவர்கள் அந்தத் துகள்களின் வேகத்தை அளக்க முயன்றனர். ஒத்துவரும் விடை கிடைக்கவில்லை. துகளின் திசை மிகமிகக் குறுகிய காலத்தில் மாறிவிடுவதால், எவ்வளவு அடிக்கடி அளந்தாலும் இரண்டு அளவீடுகளுக்கு இடையே அது எண்ணற்ற முறை திரும்பியிருக்கும். பூமியின் சுற்றுப்பாதையில் இடைவெளியைச் சுருக்கியபோது விடை நிலைத்து நின்றது. இங்கே அக்காலத்தில் அளக்கக்கூடிய இடைவெளிகள் எவற்றிலும் நிலைக்கவில்லை.

1905-இல் ஐன்ஸ்டைன் கேள்வியையே மாற்றினார். வேகத்தை விடுங்கள், குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு துகள் தொடக்கத்திலிருந்து எவ்வளவு பெயர்ந்திருக்கிறது என்று பாருங்கள் என்பதே அவர் காட்டிய வழி. இடப்பெயர்ச்சியின் வர்க்கத்தின் சராசரி, நேரத்துக்கு நேர்விகிதத்தில் வளரும் என்று அவர் காட்டினார். நேரம் நான்கு மடங்கானால் பெயர்ச்சி இரண்டு மடங்காகும். ழான் பெரென் 1908 முதல் நுண்ணோக்கியின் கீழ்த் துகள்களின் நிலையை 30 நொடிக்கு ஒருமுறை குறித்து இதைச் சோதித்தார். புள்ளிகளை இணைத்த நேர்க்கோடுகள் உண்மையான பாதையைக் காட்டுவதில்லை, நொடிக்கு ஒருமுறை குறித்தால் ஒவ்வொரு கோடும் அதே அளவு சிக்கலான முப்பது கோடுகளாக உடையும் என்றும் அவரே தெளிவுபடுத்தினார். பாதை தெரியவே வேண்டியதில்லை, இடப்பெயர்ச்சி போதும். அந்த அளவீடுகளிலிருந்து அவகாட்ரோ எண் கிடைத்தது. அணுக்கள் உண்டா என்ற நெடிய விவாதம் முடிவுக்கு வந்தது. பெரெனுக்கு 1926-இல் நோபல் பரிசு கிடைத்தது. இடையில் நடந்ததை விட்டுவிடுகிறது என்று நாம் குறையாகக் காணும் பண்புதான் அணுவை நிறுவ உதவியது.

விளையாட்டு விதிகளிலும் இடப்பெயர்ச்சி நேரடியாக நுழைந்திருக்கிறது. மாரத்தான் உலக சாதனையாக ஏற்கப்பட வேண்டுமானால், ஓட்டப் பாதையின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான நேர்த்தொலைவு ஓடும் தொலைவில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. மொத்த இறக்கமும் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது. 2011 பாஸ்டன் மாரத்தானில் கென்யாவின் ஜெஃப்ரி முட்டாய் 2 மணி 3 நிமிடம் 2 நொடியில் ஓடி முடித்தார். அப்போதைய உலக சாதனையைவிட அது குறைவான நேரம். ஆனால் பாஸ்டன் பாதை பெரும்பாலும் ஒரே திசையில், இறங்குமுகமாகச் செல்வதால் சாதனையாக ஏற்கப்படவில்லை. இடப்பெயர்ச்சி பெரிதாக இருந்தால் பின்னாலிருந்து வீசும் காற்று வழி நெடுகத் துணை செய்யலாம். தொடங்கிய இடத்தருகே முடியும் பாதையில் காற்று தந்த உதவியைக் காற்றே திரும்பப் பெற்றுக்கொள்ளும்.

வகுப்பறைக்குச் சில பரிந்துரைகள்

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது கற்பித்தலுக்கு நான்கு முடிவுகள் தெளிவாகின்றன.

முதலாவது, சூத்திரத்துக்கு முன் கேள்வி வர வேண்டும். எரிபொருள் செலவைக் கணக்கிடத் தொலைவு வேண்டும். ஒரு கப்பலைத் தேடிச் செல்ல அதன் இடப்பெயர்ச்சி வேண்டும். எந்தத் தேவைக்கு எந்த அளவு என்பதை மாணவரே தேர்ந்தெடுக்கும்படி கணக்குகள் அமைய வேண்டும். இரண்டையும் காண்க என்று கேட்கும் கணக்கு வகுத்தலைச் சோதிக்கும், புரிதலைச் சோதிக்காது.

இரண்டாவது, சுழியம் என்ற விடையை விடுகதைபோல் வைத்து மாணவரைத் திகைக்க வைப்பதை விடலாம். ஓடுதளத்தை ஒருமுறை சுற்றி வந்தவரின் கணக்கோடு பாடத்தை முடிக்காமல், அசையாமல் நின்ற புயலையும் மின்னோட்டமற்ற கம்பியையும் அதன் பக்கத்தில் வைத்தால் சுழியத்துக்குப் பொருள் வந்துவிடும்.

மூன்றாவது, கிடைக்கும் உண்மைத் தரவுகளைப் பயன்படுத்தலாம். புயல் அறிக்கைகளில் மையத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் நேரத்தோடு தரப்படுகின்றன. ஒரு பாகை அட்சரேகை ஏறத்தாழ 111 கி.மீ. என்று வைத்துக்கொண்டு ஆறு மணி நேர இடப்பெயர்ச்சியையும் திசைவேகத்தையும் ஒன்பதாம் வகுப்பு மாணவரே வரைபடத்தாளில் காணலாம். அறிக்கை சொல்லும் எண்ணோடு ஒப்பிடலாம். அடுத்தடுத்த அறிக்கைகளைச் சேர்த்தால் பாதையின் நீளமும் நிகர இடப்பெயர்ச்சியும் எப்படி விலகுகின்றன என்பதும் தெரியும்.

நான்காவது, சராசரி எந்த நேர இடைவெளிக்கு உரியது என்று ஒவ்வொரு முறையும் சொல்லப் பழக்க வேண்டும். ஓராண்டுக்குச் சுழியமாக இருப்பது ஆறு மாதத்துக்கு நொடிக்கு 19 கி.மீ. இடைவெளியைச் சொல்லாத சராசரிக்குப் பொருளில்லை. இந்தப் பழக்கம் இயற்பியலோடு நிற்காது. விலைவாசி உயர்வையோ நிலத்தடி நீர்மட்டத்தையோ பற்றிய ஓர் எண்ணைச் செய்தியில் காணும்போது எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, எதைப் பொறுத்து என்று கேட்கத் தூண்டும். அந்த இரண்டு கேள்விகளையும் தயங்காமல் கேட்கத் தெரிந்த மாணவருக்கு இடப்பெயர்ச்சியும் சராசரித் திசைவேகமும் புரிந்துவிட்டன என்று ஆசிரியர் நம்பலாம். அதன் பிறகு சூத்திரத்தை அவரே எழுதிக்கொள்வார்.